பாதி உயர்ந்த கை

கார்னூஸ்டி
ஞாயிறு, தேவாலயத்துக்குப் போய் வந்த பிறகு

அன்பு மகள் எல்ஸ்பெத்துக்கு அப்பா எழுதுவது.

இங்கே அம்மாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் குழந்தைகளும் அங்கே உலகத்தின் மறுகோடியில் டனீடின் குளிரைச் சமாளித்துச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி இறங்கும்போது மட்டும் திட்டுகிறாள், முழங்காலையா என்னையா என்று கேட்டுக்கொள்வதில்லை. கூரை ஓரத்துத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தாயிற்று. நோராவின் இருமல் இன்னும் இருக்கிறதா? ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடையில் கொடுப்பதையெல்லாம் ஊற்றாதே, சீட்டில் போட்டிருக்கும் அளவை இரண்டு தரம் படி. மாப்பிள்ளையிடம் அந்த மலைச்சாலையில் பனி உறைந்திருக்கும் காலையில் மெதுவாக ஓட்டச் சொன்னேன் என்று சொல். போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பல தடவை முயன்றேன், வாயைத் திறந்தால் வானிலைதான் வருகிறது. எழுதினால் நடுவில் நிறுத்தி, படித்துப் பார்த்து, தப்பென்றால் அடிக்கலாம் என்பதால் எழுதுகிறேன். இதுவே நான்காவது தாள்.

விஷயம் இங்கே நம் ஊரில் நடந்த ஓப்பன் கோல்ஃப் பந்தயத்தைப் பற்றியது. என் பிறந்தநாளுக்கு நீ அங்கிருந்தே வாங்கி அனுப்பிய வெள்ளிக்கிழமைச் சீட்டைப் பற்றியது. நீ அனுப்பிய மஞ்சள் தொப்பியைப் பற்றியதும்தான். டிவியில் தெரிந்தால் அடையாளம் காண வேண்டும், தாத்தா கண்டிப்பாகக் கையாட்ட வேண்டும் என்று ஃபின் போனில் கட்டளை போட்டிருந்தான் அல்லவா, அந்தத் தொப்பி. பந்தயத்துக்கு மறுநாள் சனிக்கிழமை நீ கூப்பிட்டாய். “அப்பா, உங்களப் பாத்தோம்! விடியறதுக்கு முன்னாடி எழுந்து உக்காந்தோம், நீங்க சரியா எங்களப் பாத்து கையத் தூக்குனீங்க, ஃபின் சோபா மேல ஏறிக் குதிச்சான்” என்றாய். படத்தை நிறுத்திப் பிடித்து அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியதாகவும், ஃபின் இன்னொன்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் போவதாகவும் சொன்னாய். நான் ஆமாம் என்றேன். எல்ஸ்பெத், அந்த ஆமாம் பொய். அந்தக் கை உங்களுக்காகத் தூக்கியது அல்ல. அது எதற்காகத் தூக்கப்பட்டது, ஏன் பாதியில் நின்றது என்பதை உனக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

அன்று நம் ஊர்க்காரன் ஒருவன் ஆடினான். நம் மேவிஸ் கார்கிலின் மகன் நீல், நீ இங்கிருந்து போனபோது பள்ளிப் பையன். மேவிஸ் இன்றும் அதே ரொட்டிக் கடையில்தான் இருக்கிறாள். அவன் மாமாவின் தச்சுப் பட்டறை வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் ஆட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தான், தேர்வுப் பந்தயங்களில் ஜெயித்து ஓப்பனுக்குள் வந்துவிட்டான். வெள்ளிக்கிழமையைத் தாண்டி வார இறுதிக்கு நின்றுவிட்டால் இன்னொரு வருஷம் ஆடுவேன், இல்லாவிட்டால் திங்களன்று பட்டறைக்குத் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். ரக்பியைத் தவிர வேறெதையும் விளையாட்டென்று ஒப்புக்கொள்ளாத மாப்பிள்ளைக்காகச் சொல்கிறேன், இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் அடி எடுத்தவர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரே அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

நான் வழக்கம்போல் எல்லாம் முறையாகச் செய்தேன். மழைக் கோட்டு, அதற்குள் கம்பளிச் சட்டை, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, தூரக் கண்ணாடி. கூட்டம் குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்துப் பதினைந்தாவது குழிக்குப் போகும் வழியில், முட்புதர்களுக்குப் பக்கத்துக் கயிற்றோரம் நின்றேன். மேவிஸ் அங்கே வந்தாள். மகன் அடிக்கும்போது அவள் பார்க்க மாட்டாள், பார்த்தால் பந்து கோணும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை, அதனால் எப்போதும் ஒரு குழி முன்னாலேயே நடந்துபோய்விடுவாள். “லோரிமர் சார், நீங்க இங்கதான் நிக்கிறீங்களா, அப்பாடா. என்னால பாக்க முடியாது, உங்க கண்ணு அவன் பந்து மேலயே இருக்கட்டும். மருந்துச் சீட்டுல ஒரு புள்ளி தப்பினா கண்டுபிடிச்சவராச்சே நீங்க” என்று சிரித்துவிட்டுப் போனாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்த நிமிஷத்தில் நீல் கோட்டுக்குள் இருந்தான், ஓர் அடி கையில் மிச்சம் வைத்திருந்தான். அவன் அடித்த பந்து கடல் காற்றில் வலப்பக்கம் விலகி எங்கள் பக்கம் வந்தது. பந்து விழும் இடத்தைக் குறிக்கக் கொடி பிடித்து நிற்கும் பெண் அப்போது அவனோடு ஆடியவரின் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. நான் குனியவில்லை, தைரியத்தால் அல்ல, மேவிஸ் சொன்னதால். பந்து ஜனங்கள் மிதித்து இறுகிப்போன நடைபாதையில் விழுந்து, எங்கள் தலைக்கு மேல் பின்பக்கமாக எகிறி, சிவப்புச் சாயம் அடித்த வேலிக் கட்டைக்கு அப்பால் போய் இறங்கியது. பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். ஆனால் பச்சைக் கோட்டுப் போட்ட ஒருவர், நல்ல உயரம், நல்ல குரல், முன்னால் இருந்த நீளப் புல்லைக் காட்டி, “இங்கதான்! என் காலை உரசிக்கிட்டுப் போச்சு, சத்தியமா இங்கதான்!” என்று கத்தினார். எல்லோரும் அந்தப் புல்லுக்குள் இறங்கிவிட்டார்கள். ஒரு மனிதர் அவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது என் கண்ணின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. போன வருஷம்தானே கண்புரை எடுத்தார்கள், எகிறியது பந்துதானா, ஏதாவது பறவையா என்றெல்லாம் யோசித்தேன்.

தேட மூன்றே நிமிஷம்தான், அது சட்டம். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நீல் ஓடி வந்தான். கேமரா பிடித்தவரும் வந்தார். நடுவர், “வேற யாராச்சும் பாத்தீங்களா? சீக்கிரம் சொல்லுங்க” என்று கேட்டார். அப்போதுதான் என் கை எழுந்தது, எல்ஸ்பெத். தோள் வரைக்கும் வந்தது. பச்சைக் கோட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, “தாத்தா, மொதல்ல கண்ணாடியத் தொடைங்க, அப்புறம் சாட்சி சொல்லலாம்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை, நாலு பேர் சிரித்தார்கள், அவ்வளவுதான். கை அங்கேயே நின்றது. பிறகு தொப்பியைச் சரிசெய்வதுபோல் தலைக்குப் போய்விட்டது. நீ அச்செடுத்து ஒட்டியிருப்பது அந்த இடைப்பட்ட நொடி.

இதோடு போயிருந்தால்கூட எனக்கு ஏதோ ஒரு சாக்கு இருந்திருக்கும். ஆனால் நீல் என்னை அடையாளம் கண்டுகொண்டான். புல்லுக்குள் நின்றபடியே, “லோரிமர் சார், நீங்க பாத்தீங்களா?” என்று நேராகக் கேட்டான். நான் சொன்ன பதில், “உறுதியா சொல்ல முடியாதுப்பா.” என் மருந்துக் கடையில் நாற்பது வருஷம் நான் இப்படித்தான் இருந்தேன், உறுதி இல்லாமல் ஒரு குப்பியையும் கை மாற்றியதில்லை, அதை எல்லோரும் நல்ல குணம் என்றார்கள். அங்கே அப்படிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. நான் காட்டிய இடத்தில் பந்து இல்லாவிட்டால் ஒரு கிழவன் நாலு பேர் முன் அசடு வழிந்திருப்பான், அதற்கு மேல் என்ன நஷ்டம்? அந்த அசடுக்குத்தான் பயந்தேன். நடுவர் நேரம் முடிந்தது என்றார். பந்து தொலைந்தால் சட்டப்படி செய்ய வேண்டியதுபோல், அவன் வண்டியில் ஏறி, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடித்தான். அந்தக் குழியில் இரண்டு அடி கூடிப் போயிற்று. கடைசியில் ஒரே ஓர் அடியில் கோட்டுக்கு வெளியே நின்றான்.

கூட்டம் அவன் பின்னால் போனபிறகு நான் அந்தச் சிவப்புக் கட்டைக்கு அப்பால் போய்ப் பார்த்தேன். புதருக்குள்கூட இல்லை. முயல் பறித்த ஒரு மணல் திட்டில், யாரோ கையால் எடுத்து வைத்ததுபோல் பந்து உட்கார்ந்திருந்தது. நீலப் புள்ளி, அவன் அடையாளம். எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மீதிப் பந்தயத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ ஆசையாக வாங்கிக் கொடுத்த சீட்டு, அதைப் பாதி நாளில் வீணாக்கியதற்கும் என்னை மன்னித்துவிடு.

அதற்குப் பிறகு செய்தது இன்னும் கேவலம். ரொட்டிக் கடைக்குப் போனபோது மேவிஸ், “டிவில பாத்தோமே சார், என் பையன் பந்தக் காணோம்னு தவிக்கிறான், நீங்க பேரனுக்குக் கையாட்டிக்கிட்டு நிக்கிறீங்க, நல்ல தாத்தா!” என்று கேலி செய்தாள். நீ எல்லோருக்கும் அனுப்பிய செய்தி அவளுக்கும் வந்திருந்தது போலிருக்கிறது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கதை எனக்குச் சௌகரியமாக இருந்தது, எல்ஸ்பெத். உண்மையைவிட அது லேசு. எழுபத்தெட்டு வயதில் ஏழு வயதுப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் “பரவால்ல, நீங்களாச்சும் அங்க நின்னீங்களே” என்று சொல்லி, வாங்கிய இரண்டு இறைச்சிப் பிரைடியோடு காசு வாங்காமல் இன்னொன்றையும் பையில் போட்டுக் கொடுத்தாள். அம்மாவிடம் எனக்குப் பசியில்லை என்றேன்.

அம்மாதான் கண்டுபிடித்தாள். மழைக் கோட்டைத் துவைக்க எடுத்தவள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். “அட மனுஷா, நாப்பது வருஷம் இந்த ஊருக்கே எந்த மாத்திரைய எப்ப முழுங்கணும்னு சொன்ன வாய்தானே, பந்து அங்க இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்ல வரலையா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “கல்யாணத்துக்குக் கேக்கவே உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அதுவும் நான்தான் கேட்டேன்” என்றாள். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தாள். பிறகு கோட்டையும் பந்தையும் மறுபடி என் கையில் கொடுத்து, “போ. இது உன் பையில இருக்க வேண்டிய சாமான் இல்ல” என்று சொல்லிவிட்டாள்.

பட்டறைக்குப் போனேன். நீல் ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தான். பந்தை நீட்டியதும் இழைப்புளியைக் கீழே வைத்தான். “எங்க இருந்துச்சு?” என்றான். சொன்னேன். “நீங்க அங்க விழுந்தத பாத்தீங்களா?” என்றான். பார்த்தேன் என்றேன். பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடிக்கிற மாதிரி கெடந்துச்சா?” என்று கேட்டான். அந்த இடத்தில், புதருக்குள் சிக்கிக் கிடந்தது, கிடைத்தும் பயனில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “நல்லா கெடந்துச்சுப்பா. சுலபமா அடிச்சிருக்கலாம். எனக்கு நல்லாத் தெரியும்” என்றேன். உறுதியாக நான் சொன்ன ஒரே வாக்கியம், அதையும் யாருக்கும் பயன்படாத நாளில் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “இத அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே சார்” என்றான், பந்தை என் கையிலேயே திருப்பி வைத்தான். “எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டான். சத்தத்தில் நான் மன்னிப்புக் கேட்டு விடைபெற்றது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மறுநாள் ரொட்டிக் கடையில் மேவிஸ் நான் கேட்டதைக் கொடுத்தாள், மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் வைத்தாள், அடுத்தவரைக் கூப்பிட்டாள். நீல் சொல்லியிருப்பான். நியாயம்தான். வேறு கடைக்குப் போய்விடலாமே என்று அம்மாவிடம் கேட்டேன். “அங்கதான் போவ” என்றாள். அங்கேதான் போகிறேன்.

பந்து இப்போது என் மேசையில், இந்தத் தாள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன். இதையெல்லாம் உனக்கு எழுதி நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் வேறு, அங்கே கேட்டாயிற்று, கிடைக்கவில்லை. ஆனால் ஃபின் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என் தாத்தா எனக்காகக் கையாட்டினார் என்று வகுப்பில் சொல்லும்போது நான் இங்கே கூசிப்போகிறேன். அவனிடம் நீயே சொல்லிவிடு. தாத்தாவுக்கு விடை தெரிந்திருந்தது, கையைத் தூக்கினார், யாரோ சிரித்ததும் இறக்கிவிட்டார் என்று சொல். வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு அது புரியும். படத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். எடுத்துவிட்டால் எனக்கு வருத்தமில்லை என்று எழுதப் பார்த்தேன், வருத்தமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

உங்கள் நால்வருக்கும் கடவுள் துணையிருக்கட்டும், வீட்டில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும். நோராவுக்கு மார்பில் கம்பளி போட்டுப் படுக்க வை. அம்மா கேட்ட சாம்பல் நிற நூலை மறக்காமல் அனுப்பு. அடுத்த வாரம் இந்தக் கடிதம் கிடைத்த பிறகு போன் செய்யும்போது முதலில் இதைப் பற்றியே என்னிடம் கேள். நான் வானிலையில் ஆரம்பித்தால் நிறுத்தச் சொல், மறுபடியும் கேள்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
வால்டர் லோரிமர்