அண்ணன் கடை மாற்றிய பக்கம்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று கடல் ஏறியபோது கடையின் பின்பக்கத் தூண்கள் இரண்டும் சாய்ந்துவிட்டன. அடியில் மண்ணே இல்லை.

கலும்பாங்கிலிருந்து கோலா சிலாங்கூருக்கு வந்து, அண்ணனும் நானும் இந்தக் கரையில்தான் அடுத்தடுத்து மீ கோரெங் நூடுல்ஸ் கடை போட்டோம். பிறகு படகுத்துறைக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். அண்ணனுக்கு அங்கே சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. கடையை அண்ணி பார்த்துக்கொண்டார். சுவர் எழும்புவதற்கு முன்பே அண்ணன் கடையை அதற்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார். கூட்டம் அங்கேதான் வரும் என்றார்.

சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். அவர் பக்கம் கார் நிறுத்தும் அளவுக்கு மணல் சேர்ந்திருக்கிறது.

"கடல் அப்படித்தான் லா. மழைக்காலம் போனா மண்ணு திரும்பி வந்துரும்" என்றார்.

தேநீர் கொண்டுவந்த அண்ணி, "எங்கேங்க வரும்? சுவரு மண்ண இந்தப் பக்கமே தடுத்துரும், தம்பி கடைப் பக்கம் கடல் அரிச்சிரும்னு நீங்கதானே அப்பவே சொன்னீங்க" என்றார்.

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி உள்ளே போய்விட்டார்.

கொஞ்சம் கழித்து அண்ணன், "நாளைக்கு லோரியில பலகை அனுப்புறேன். கடைய நிமித்திரு" என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்காமல் கொடுக்கிறவர் இல்லை அவர்.

தெரிந்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? அங்கே இரண்டு கடைக்கு இடம் இல்லையா?

மனைவியிடம் பலகை வருவதை மட்டும் சொன்னேன். "அண்ணன்னா அண்ணன்தான்" என்று நிம்மதியாகப் படுத்துவிட்டாள். பலகையை இறக்கிக்கொண்டால் அப்புறம் எந்த வாயால் அவரைக் கேட்பது? திருப்பி அனுப்பினால் இவளிடம் என்ன சொல்வது?