வறுத்துத் தின்ற கணக்கு

இன்று காலை நம் மருமகள் புளியங்கொட்டை வறுத்தாள். தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தேன். வாசனை வந்ததும் வைக்கோலை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன். உறியில் தொங்கும் கலயத்தை இறக்கி, கொட்டைகளைத் தரையில் கொட்டி எண்ணினேன். எழுபத்தொன்று. சரியாக இருந்தது.

"ஒங்க கொட்டையில நான் கை வைக்கல மாமா. இது போன வாரம் சந்தையில வாங்குன புளியில எடுத்தது" என்றாள். நான் கொட்டைகளைத் திரும்பக் கலயத்தில் அள்ளிப் போட்டேன். "தங்கத்தக் கூட யாரும் இப்பிடி எண்ணி நான் பாத்ததில்ல" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். சொல்லட்டும். எண்ணிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்துதான் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது எனக்கும் தெரியாது. பிறகு நானாகக் கற்றுக்கொண்டேன். அதனால் நேர்ந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

கிணற்றில் இருந்து தொடங்க வேண்டும். நீரோட்டம் பார்க்க வந்தவன் வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நம் புஞ்சையைச் சுற்றிவிட்டு, "இருவது அடியில கடல் கெடக்கு" என்றான். நீ அவனுக்குச் சோறு போட்டாய். "கடலா? உப்புக் கரிக்குமே அண்ணே" என்றாய். நான் உன்னை முறைத்தேன். புதுக்கோட்டையில் வட்டிக்கு விடும் முதலாளியிடம் நானூறு ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிப் பெருவிரலை வைத்தேன். இருபது அடியில் பாறை. ஐம்பது அடியிலும் பாறை. வெடி மருந்துக்குக் காசு தீர்ந்த அன்று வெட்டு நின்றது. அந்தக் குழி இன்னும் அப்படியே கிடக்கிறது.

நானூறு என்றால் எவ்வளவு என்று நம் இருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. நீதான் ஒரு குடம் நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தாய். ரூபாய்க்கு ஒன்று என்று இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணிப் போட்டாய். ஆடிக்கு ஆடி வட்டிக்கும் சேர்த்துப் போட்டாய். நான் விறகு வண்டி ஓட்டித் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் போய் வந்தேன். நீ நிலக்கடலை ஆயக் கூலிக்குப் போனாய். ஒரு ரூபாய் கட்டினால் ஒரு கொட்டையை எடுத்து என் கையில் கொடுப்பாய். அதை நான்தான் கிணற்றுக்குள் வீச வேண்டும் என்பது உன் சட்டம். சில கொட்டைகள் குழிக்குள் முளைத்தன. பிறகு தண்ணீரில்லாமல் காய்ந்தன.

மூன்றாம் வருசம் எனக்கு வெறுத்துவிட்டது. கடனை விட்டுவிட்டுக் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். நானும் வேட்டியை மடித்து மூட்டை கட்டினேன். பட்டப்பகலில், உன் கண் முன்னால்தான். நீ அழவில்லை. குடத்தில் கையை விட்டு இரண்டு கொட்டை எடுத்தாய்.

"கண்டிக்கா? போங்க. நேத்துக் கட்டுன ரெண்டு ரூவாக் கொட்டை கெடக்கு. இத வீசிட்டுப் போங்க."

"அத நீயே வீசு."

"நான் வீசுனா எண்ணிக்கை எப்பிடிச் சேரும்? கட்டுனவுகதான் வீசணும்."

கிணற்றங்கரைக்குப் போய் வீசினேன். திரும்பி வந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அது அப்படியே நிறைந்து கிடப்பது போல்தான் இருந்தது. "கொடத்தப் பாக்காதீங்க. கையில இருக்கிறத மட்டும் பாருங்க" என்றாய். மூட்டையை அவிழ்த்தேன். உன் பேச்சைக் கேட்டு நின்றேன் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. மறுநாள் விறகு லோடு இருந்தது, அதனால் நின்றேன். இதை இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அதற்கப்புறம் மழை தவறிய வருசம். கண்மாய் வெடித்துக் கிடந்தது. விறகு வாங்க ஆளில்லை. வண்டிமாடு ஒன்று படுத்து எழவில்லை. வரகு தீர்ந்து, பிள்ளைகள் இரண்டும் சுருண்டு கிடந்த மத்தியானத்தில் நான் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே வறுத்த வாசனை. ஒரு கணம் சந்தோசப்பட்டேன். உள்ளே நீ ஓட்டுச் சட்டியில் கொட்டைகளை வறுத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் குடம் கவிழ்ந்து கிடந்தது.

"இந்தாங்க, அஞ்சு ரூவா. நல்லா மென்னு தின்னுங்க" என்று என் கையில் ஐந்து கொட்டையை வைத்தாய். சின்னவள் வாயில் கொட்டையோடு சிரித்தாள்.

தின்றேன். தின்றுவிட்டுத்தான் கத்தினேன். நம்மிடம் இருந்த ஒரே கணக்கு அதுதான்.

"எண்ணிட்டுத்தாங்க வறுத்தேன். இருநூத்திப் பதினேழு. மனசுல இருக்கு."

"ஒன் மனசக் கொண்டுபோயி மொதலாளிகிட்டக் காட்டுறதா?"

நான் புதுக்கோட்டைக்குப் போய் முதலாளியின் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் பேரேட்டைப் புரட்டினார். "மழையில்லாத வருசம்னு மொதலாளி மனசு எறங்கிட்டாருப்பா. இனிமே வட்டி கெடையாது. நிக்கிறது இருநூத்தித் தொண்ணூறு. அதக் கட்டி முடி" என்றார். வட்டி இல்லை என்ற சொல்லிலேயே நான் கும்பிட்டுவிட்டேன். வீட்டில் வந்து சொன்னதும், "எழுவத்தி மூணு கூடச் சொல்றாகளே" என்றாய். எழுதிவைத்த ஏட்டை நம்புவதா, கணக்கையே வறுத்துத் தின்றவளை நம்புவதா? ஏட்டை நம்பினேன்.

மறுவருசம் புளி வந்ததும் என் குடத்தில் இருநூற்றுத் தொண்ணூறு போட்டேன். நீ சின்னக் கலயம் ஒன்றில் இருநூற்றுப் பதினேழு போட்டு உறியில் தொங்கவிட்டாய். நான் ஒன்று எடுத்தால் நீயும் ஒன்று எடுப்பாய். ஒரே வீட்டில் இரண்டு கடன் இருந்தது. இரண்டையும் ஒரே வண்டிதான் கட்டியது.

தை மாதத்தில் உன் கலயம் காலியானது. அதைக் கவிழ்த்து என் முன்னால் வைத்தாய். அப்போதே உனக்கு மாலையானால் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சுங்க. என் கணக்குக்கு முடிஞ்சிருச்சு. நாளையிலருந்து நான் கடலைக்குப் போகல."

"நோட்டு அங்கிட்டு இருக்கு. ஒன் கணக்கு யாருக்கு வேணும்? பேசாமப் போ."

மறுநாள் நீ கடலைக்குப் போனாய். பங்குனியில் செத்துப்போனாய்.

உன் காதுத் தண்டட்டியை நீ உயிரோடு இருந்தவரை விற்கச் சம்மதிக்கவில்லை. "அது என் எழவுச் செலவுக்கு" என்பாய். எழவுச் செலவுக்கு என் தங்கச்சி கொடுத்தாள். தண்டட்டியை விற்று முப்பத்தெட்டு ரூபாயைக் கணக்குப்பிள்ளையிடம் கட்டினேன். மிச்சத்தை வண்டி ஓட்டிக் கட்டினேன். அடுத்த தையில் நோட்டு கைக்கு வந்தது. கடன் தீர்ந்ததற்கு அடையாளமாகத் தலைப்பைக் கிழித்துக் கொடுத்தார். வழியில் பலகாரம் வாங்கலாம் என்று நினைத்தேன். வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். எதுவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் படித்தேன். வண்டியில் பேச ஆளில்லை. சாலையில் மைல்கல் இருந்தது. நிற்கும் ஊர் விராலிமலை என்று எனக்குத் தெரியும். கல்லில் இருப்பதும் அதுதான் என்றால் இது 'வி', இது 'ம' என்று பிடித்தேன். அந்த 'ம' மதுரைக் கல்லிலும் நின்றது. கல்லில் கிடைக்காத எழுத்தைக் கடைப் பலகையில் பிடித்தேன். இரண்டு வருசம் ஆயிற்று. ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஒருநாள் பெட்டியைத் திறந்து நோட்டின் முதுகைப் படித்தேன். நான் கட்டியதெல்லாம் வரிசையாக 'வரவு', 'வரவு' என்று எழுதி, பக்கத்தில் என் பெருவிரல். கடைசி வரி: "தை மாதம் வரவு. பாக்கி முழுவதும் பைசல்." எந்தத் தை என்று வருசத்தைப் பார்த்தேன். நீ கலயத்தைக் கவிழ்த்த தை. அதற்குப் பின் நான் கட்டிய எழுபத்து மூன்றுக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. அதற்கெல்லாம் கணக்குப்பிள்ளை வேறு காகிதத்தில்தான் என் விரலைப் பிடித்து வைத்தார்.

கடன் இல்லாதவளாகத்தான் நீ செத்திருக்கிறாய். கடன்காரியாக உன்னைக் கடலை ஆய அனுப்பியது நான்.

முதலாளி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பணத்தை மடியில் போட்டுக்கொண்ட கணக்குப்பிள்ளை இருக்கிறார். உன் கலயத்தில் எழுபத்து மூன்று கொட்டை போட்டேன். ஆடிக்கு ஆடி வண்டி கட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். வேறு பேச்சில்லை. "எழுவத்தி மூணு" என்பேன். முதல் வருசம் கதவைச் சாத்தினார். அடுத்த வருசம் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடச் சொன்னேன். கூப்பிடவில்லை.

போன ஆடியில், "யோவ், ஒனக்கு வேற சோலி இல்லையா? பொண்டாட்டி செத்து ஏழு வருசமாச்சு" என்றார்.

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவர் மடியிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்து வீசினார். "இத்தோட விட்டுத் தொலை."

பொறுக்கிக்கொண்டேன். ஊருக்கு வந்து இரண்டு கொட்டைகளைக் கிணற்றுக்குள் வீசினேன். கட்டியவர்தான் வீச வேண்டும் என்பது உன் சட்டம். அவர் வரமாட்டார், அதனால் நானே வீசினேன். எழுபத்தொன்று நிற்கிறது.

"வருசம் ரெண்டுன்னு வாங்குனா எப்ப முடியும்ப்பா?" என்று மகன் சிரிக்கிறான். நீ சொன்னபடி, கையில் வந்த இரண்டை மட்டும் பார்க்கிறேன்.

நீ சொன்ன எண் சரி. இருநூற்றுப் பதினேழு. சட்டி அடுப்பில் இருந்த அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கிறது. வண்டி அச்சுக்கு மை போட்டு வைத்திருக்கிறேன்.