விண்படகின் கடைசி ஞாயிறு

ஏழாயிரம்பண்ணை,
20.8.2006

ராஜபாண்டியனுக்கு,

பாலகுரு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலம் என்றால், இன்றைய தேதிவரை. உன் படிப்பும் மெல்போர்ன் குளிரும் எப்படி?

நீ அனுப்பிய விண்படகு சீரியல் சிடிக்கள் போன வாரம் வந்தன. ‘இருபத்தாறு எபிசோடும் கிடைச்சிருச்சுலே, அதுவும் தமிழ் டப்பிங்கு’ என்று குதித்துக்கொண்டு ஒரு சீட்டு வேறு வைத்திருந்தாய். பதிலை ஈமெயிலில் போடாததற்குக் காரணம் உண்டு. உன் அப்பா கம்பெனி கம்ப்யூட்டரில் நான் எதை அடித்தாலும் கணக்குப்பிள்ளை அய்யாதுரை பின்னால் நின்று படிப்பார். இது உனக்கு மட்டும்.

முதலில் விண்படகு. பக்கத்து வீட்டு முத்துப்பாண்டியின் சிடி பிளேயரில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். கப்பலின் அந்தப் பச்சைக் கதவு புகையோடு திறந்ததும் பழைய ஞாயிற்றுக்கிழமைக்கே போய்விட்டேன், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டு ஹால், சோபாவில் நீ, தரையில் நான், உன் அம்மா தட்டில் போட்டுத் தரும் காராச்சேவு. என் அம்மா பின்கட்டில் பாத்திரம் விளக்கி முடிக்கும்வரைதான் எனக்கு நேரம். டிவியில் இந்தி ஓடும். இந்தி டியூஷன் போய்க்கொண்டிருந்த நீ எனக்குத் தமிழில் சொல்வாய். நீ கேப்டன் ஜொரான், நான் இன்ஜின் ரூம் பிக்டோ. அதை மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருக்குமே ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆனால் எடுத்தவனுக்கு அறிவே இல்லை. விண்வெளியில் கப்பல் ‘டமார்’ என்று வெடிக்கிறது. காற்றே இல்லாத இடத்தில் சத்தம் எங்கிருந்து வரும்? புகை மேலே போகிறது. அங்கே எது மேலே? ஒன்று மட்டும் சரி. காற்றில்லாமலும் தீ எரியும். நம் பட்டாசு மருந்து அங்கேயும் எரியும், அதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. மண்ணைப் போட்டு மூடினாலும் கேட்காது. போன மாதம் ஏழாம் ஷெட்டில் கருத்தப்பாண்டி அண்ணன் அப்படித்தான் மூடப் பார்த்தார். இரண்டு கையும் முழங்கைவரை வெந்துவிட்டது. உன் அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் சொல்லாத இன்னொன்றையும் கேள். ஒரு ஷெட்டில் நான்கு பேர்தான் உட்கார வேண்டும். சீசன் ஆர்டருக்காக இப்போது எட்டுப் பேர், சில நாள் ஒன்பது பேர். ரிஜிஸ்டரில் நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற போர்மேன் நான். ஆபீசர் ஜீப் வருகிறது என்று டீக்கடையிலிருந்து போன் வந்தால், மிச்சப் பேரைக் கருவேலங்காட்டுக்குள் விரட்டுவதும் என் வேலைதான். செவ்வாய்க்கிழமை அப்படி விரட்டியதில் என் தங்கை ஓவியாவும் ஒருத்தி. மூன்று மாதமாக ஏழாம் ஷெட்டில்தான் இருக்கிறாள். ஜீப் போன பிறகு காலில் முள்ளோடு நொண்டிக்கொண்டு வந்தவள், எல்லார் முன்னாலும் கேட்டாள்: ‘ஏண்ணே, ஒன் நோட்டுல நான் எத்தனாவது ஆளு? இல்ல, ஆளே இல்லியா?’ பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

நாளைக்கு ஏதாவது ஆனால் போலீஸ் முதலில் என்னைத்தான் தேடும். அது கிடக்கட்டும். ரிஜிஸ்டர்படி, செத்தவள் அங்கே வேலை பார்க்கவே இல்லை. அதை எழுதியது அவள் அண்ணன்.

ஹோசூரில் ஒரு பெயின்ட் கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. செப்டம்பர் பதினெட்டு. டிப்ளமோ ஒரிஜினலோடு வரவேண்டும். என் ஒரிஜினல் எல்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்றே உன் அப்பாவின் இரும்பு பீரோவுக்குள் போய்விட்டன. இங்கே அதுதான் வழக்கம், எந்தப் போர்மேனைக் கேட்டாலும் சொல்வான். மூன்று தடவை கேட்டுவிட்டேன். முதல் தடவை, ‘சீசன் முடியட்டும்லே’ என்றார். இரண்டாம் தடவை, ‘ஒன்னப் படிக்க வச்சதே நம்ம கம்பெனிக்குத்தான, நீ நம்ம வீட்டுப் பிள்ளைலே’ என்றார். மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டே, ‘எங்கிட்ட பத்திரமா இருக்கு. ஒங்க வீட்டுல வச்சா எலி கடிச்சிரும்’ என்றார். நகல் வாங்கலாம் என்றால், காணாமல் போய்விட்டது என்று போலீசில் எழுதித் தரவேண்டுமாம். எது காணாமல் போனது? எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் சொன்னால், ‘மொதலாளிய எதுத்துப் பேசிறாத. ஓவியா கல்யாணத்துக்கு அவுகதான் முன்ன நிக்கணும்’ என்கிறாள்.

இனி அந்தக் கடைசி எபிசோடு. அது டிவியில் வந்த ஞாயிறு நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. தீப்பெட்டி ஒட்ட ஆள் பத்தவில்லை என்று அம்மா என்னை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நீதான் கதை சொன்னாய். கப்பல் தீப்பிடித்ததும் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், பிக்டோ மட்டும் ‘இன்ஜினை விட்டு வரமாட்டேன்’ என்று உள்ளேயே இருந்துவிட்டான் என்றாய். பிக்டோதான் பெரிய வீரன் என்றாய். நான் நம்பினேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் விளையாட்டில் நீ மொட்டைமாடிக்கு ஓடுவாய், நான் கட்டிலுக்கு அடியில் கிடப்பேன். பெருமையாகத்தான் கிடந்தேன்.

புதன்கிழமை பார்த்தேன். பிக்டோ இறங்கிவிடுகிறான். ஏதோ ஒரு பெயரில்லாத கிரகத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ‘நான் போகிறேன் கேப்டன்’ என்கிறான். கேப்டன் தன் கையாலேயே கதவைத் திறந்துவிடுகிறான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. தீயும் இல்லை, வீரமும் இல்லை.

உனக்குப் புரியாமல் போயிருக்காது. அந்த வருஷம் இந்திப் பரீட்சையில் நீதான் முதல். நான் விளையாட்டை விட்டுப் போய்விடுவேனோ என்று பயந்து மாற்றிச் சொல்லியிருப்பாய். பத்து வயசுப் பிள்ளை. அதற்காக உன்மேல் கோபமில்லை. உன் அப்பாவுக்கும் என்மேல் பிரியம்தான், அதிலும் சந்தேகமில்லை.

ஞாயிறு காலையில் அவருக்குப் போன் போடு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து நல்ல மனசோடு இருப்பார். பாலகுருவின் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல். நான் எழுதினேன் என்று சொல்லாதே. கூடவே, ஏழாம் ஷெட்டில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்றும் சொல்.

இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், உனக்கே தெரியும். ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால் இரண்டாவதைச் சொல். ஹோசூர் அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும்.

சீக்கிரம் சொல்லு ராஜா. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது, ஆர்டர் ஏறிக்கொண்டே போகிறது. நீ நன்றாக இரு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயசிலேயே காது வலி வரும்.

இப்படிக்கு,
பாலகுரு