அய்யா, நம் வீடு இப்போது அரைத் தலைக்கட்டு

என் பிரியமுள்ள அய்யாவுக்கு,

நீங்கள் எங்கேயோ வெளியூரில் வேலைக்குப் போயிருப்பது போலவும், நான் ஊர்ச் சேதி எழுதுவது போலவும்தான் கை தொடங்குகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். இது வைகாசி. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மிளகாய் இந்த வருஷம் நல்ல நிறம். அம்மாவே ஆள் விட்டுப் பறித்து, களத்தில் காயப்போட்டு, மழை வந்த அன்று தனியாக ஓடி ஓடி மூடினாள். நான் பரீட்சை எழுதப் போயிருந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்துவிட்டது அய்யா. நல்ல மார்க். பள்ளிக்கூடத்தில் கைதட்டினார்கள். நீங்கள் இருந்திருந்தால் சிக்கல் ஊர்க் கடைத்தெருவில் டீ குடிக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பீர்கள். நான் வெட்கப்பட்டு உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

இதைத் தனியாக எழுதி மடித்து வைக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கேட்கப்போகிற விஷயத்தை நீங்களும் எல்லோர் முன்னாலும்தான் பேசினீர்கள்.

எனக்குச் சட்டம் படிக்க வேண்டும். ஐந்து வருஷப் படிப்பு. மாமாவுக்கு அதில் சம்மதமில்லை. கீழக்கரையிலிருந்து வந்து ஒரு நாள் முழுக்க இருந்து பேசினார். "நர்சுக்குப் படிக்கட்டும்க்கா. ஆஸ்பத்திரியில நான் சேத்துவிடுறேன். வக்கீலுக்குப் படிச்ச பிள்ளைய எவன் கட்டுவான்? பொண்ணு பாக்க வந்தவன்ட்டயே குறுக்கு விசாரணை பண்ணும், அவன் காபியக் குடிக்காம ஓடிருவான்" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டாள். நானும்தான்.

சிரித்து முடித்துவிட்டு அம்மா சொன்னாள்: "அவுக அய்யா இருந்தா என்ன சொல்லியிருப்பாரோ, அதத்தான்டா செய்யணும்."

அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? மாமாவிடம் மறுத்துப் பேசலாம். அம்மாவிடம் அழுது கேட்கலாம். உங்களிடம் என்ன செய்ய முடியும்? உங்களைப் பற்றி எனக்கு நினைவிருப்பதை எல்லாம் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சம்மதம், ஒரு பக்கம் மறுப்பு.

சம்மதத்தின் பக்கத்தில் முதலில் வருவது அந்தப் பஸ். ஆடி அமாவாசைக்குத் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க நீங்கள் தேவிபட்டினம் போனபோது என்னையும் கூட்டிப்போனீர்கள். அப்போது எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற வெறி பிடித்திருந்தது. வடை மடித்த தாள், உர மூட்டை, பூச்சிமருந்து டப்பாவின் பின்பக்கம், எதையும் விடமாட்டேன். பஸ்ஸில் எழுதியிருந்ததை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு முழு டிக்கெட் கேட்டார்.

"வளத்தியா இருக்குல்ல, முழு டிக்கெட்டுதான்."

"போர்டுல வயசுதான் போட்டிருக்கு. வளத்தின்னு போடலயே" என்றேன் நான்.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் உங்கள் பக்கம் திரும்பி, "யோவ், இது ஒம் மகளா, வக்கீலா?" என்று கேட்டார். நீங்கள், "ரெண்டும்தான்" என்றீர்கள். எவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள். அந்தப் பேச்சு என் காதில் இன்னும் சூடாக இருக்கிறது.

சட்டம் என்ற ஒன்று இருப்பது தெரியாத வயதிலேயே எனக்கு இந்தக் கிறுக்கு இருந்திருக்கிறது. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் நாங்கள் கிளித்தட்டு விளையாடும்போது, நான் ஆடுவதை விடப் பஞ்சாயத்துப் பேசுவதுதான் அதிகம். கோட்டை மிதித்தாளா இல்லையா என்று சண்டை வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். இரண்டு பேரும் சொல்லி முடிக்க வேண்டும், பிறகுதான் ஆட்டம். பொழுது இறங்கிவிடும். "இவள சேத்தா வெளையாட்டே நடக்காதுடி" என்று என்னை விட்டுவிட்டு ஓடுவார்கள். ஆனால் சண்டை முற்றினால் கூப்பிட வருவதும் அவர்கள்தான். வீட்டில் அம்மா முறுக்கு பங்கு வைத்தால்கூட ஏன், எதற்கு, எந்தக் கணக்கு என்று கேட்பேன். "இது வாயா, வாய்க்காலா" என்பாள்.

மறுப்பின் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அது கனமானது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண் தலையாக நிற்கிற ஒவ்வொரு குடும்பமும் எங்கள் ஊரில் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி, கிடாக்கறி, கண்மாய் மீன், கூட்டத்தில் எழுந்து பேசுவது, எல்லாம் தலைக்கட்டுக் கணக்கில்தான். கணவன் இறந்து, மகனும் இல்லாத வீடு அரைத் தலைக்கட்டு. அரை வரி, அரைப் பங்கு. கூட்டத்தில் பேச்சு கிடையாது.

உங்கள் பெரியப்பா மகன் இறந்த பிறகு பாக்கியம் பெரியம்மா இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்றார்களே, அந்த வருஷம். கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நான் சின்னப் பிள்ளை என்பதால் உங்கள் மடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் மற்றப் பெண்களும் வேம்பு ஓரம் நின்றார்கள். பெரியம்மா மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து, ஊர்த்தலைவரான அம்பலகாரரைப் பார்த்துக் கேட்டார்கள்.

"நானும் முழு வரி குடுத்துர்றேன். என் வீட்டயும் முழுத் தலைக்கட்டா எழுதிக்கங்க."

அம்பலகாரர் கூட்டத்தைப் பார்த்தார். பெரியம்மா உங்கள் பக்கம் திரும்பினார்கள். "கொழுந்தனாரே, நீங்களாச்சும் சொல்லுங்க."

நீங்கள் என்னை இறக்கிவிட்டு எழுந்தீர்கள். நீங்கள் அவர்களுக்காகத்தான் பேசப்போகிறீர்கள் என்று நான் நினைத்தேன். "ஆம்பள இல்லாத வீட்டுல முழு வரி வாங்குற அளவுக்கு நம்ம ஊரு கெட்டுப்போகல. மதினி அரை குடுக்கட்டும், அரை வாங்கிக்கிறட்டும். கஷ்டப்படுத்தக் கூடாது. அதான் மொற" என்றீர்கள். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. நல்ல வார்த்தை சொன்னான் கருப்பையா என்று உங்கள் முதுகில் தட்டினார்கள். பெரியம்மா திரும்பிப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் நான் கேட்டேன். "பெரியம்மா முழுசாக் குடுக்குறேன்னுதானய்யா சொன்னாங்க. நீங்க ஏன் பாதி போதும்னீங்க?"

"ஏய் வக்கீலு, பேசாம சாப்புடு" என்றீர்கள்.

அதே வார்த்தை. பஸ்ஸில் மடியில் தூக்கிவைத்தது, இங்கே வாயை மூடச் சொன்னது. நீங்கள் எதை மனதில் வைத்து அப்படிக் கூப்பிட்டீர்கள் அய்யா? நான் வளர்ந்த பிறகாவது இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். மிளகாய்க் காட்டுக்கு உங்களுக்குச் சோறு கொண்டுவந்த எத்தனையோ மத்தியானங்களில் நாம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது இந்த மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

கண்மாய் வற்றி, மீன்பிடி வைத்தார்கள். நீங்கள் போன பிறகு வருகிற முதல் மீன்பிடி. எப்போதும் போலத்தான், யார் பிடித்தாலும் எல்லா மீனும் கரைக்கு வந்தது. பனையோலை விரித்துக் கூறு போட்டார்கள். கெளுத்தி நிறைய. விரால் கூறுக்கு ஒன்று விழுந்தது. ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிட்டார்கள். அம்மா சட்டியோடு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"கருப்பையா வீடு, அரை."

கூறுபோட்டவர் ஒரு கூறை இரண்டாக ஒதுக்கினார். விராலை மற்றப் பாதியோடு தள்ளிவைத்தார். எனக்கு என்ன நடக்கிறது என்று உறைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. வழக்கம் எனக்குத் தெரியும். ஆனால் அது நம் வீட்டுப் பெயருக்குப் பின்னால் வரும் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கேட்டுவிட்டேன்.

"ஏன் அரை? நாங்க முழு வரி குடுக்குறோம்."

அம்பலகாரர் கோபப்படவில்லை. நல்ல மனிதர்தான் அவர். "தாயி, நாங்களா புதுசா வச்சோம்? உங்கய்யா வாயால சொன்ன மொறதான இது. பாக்கியத்துக்கு ஒரு நாயம், உங்கம்மாவுக்கு ஒரு நாயமா? நீயே சொல்லு."

பின்னாலிருந்து யாரோ, "கருப்பையா பேச்சுக்கு கருப்பையா மகளே எதிரா?" என்றார்கள். சிரித்தார்கள்.

அம்பலகாரர் சொன்னது தப்பாக இருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன் அய்யா. ஒருத்திக்குச் சொன்னதுதான் இன்னொருத்திக்கும் என்பது சரியான பேச்சு. கிளித்தட்டுக் கோட்டில் நின்று நானே எத்தனை தடவை அதைச் சொல்லியிருக்கிறேன். அந்த வருஷம் நீங்கள் எழுந்து நின்று "எழுதிக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்று அம்மாவின் முன்னால் அந்தக் கூறு இரண்டாகப் பிரிந்திருக்காது. பெரியம்மாவுக்காக என்று நினைத்து நீங்கள் பேசியது, உங்களுக்கே தெரியாமல் அம்மாவுக்காகவும் பேசிய பேச்சு.

பெரியம்மா எங்களுக்கு அடுத்து நின்றார்கள். மகள்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், இப்போது தனிக்கட்டை. அம்மாவின் கையைத் தொட்டு, "பழகிரும்டி. கொழம்புக்குக் காணும்" என்றார்கள். குத்திக்காட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்கள். குத்திக்காட்டியிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள் என்று தோன்றுகிறது.

அம்மா சட்டியைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம்ணே. என் அரையும் பாக்கியத்தக்காவுக்குச் சேத்துப் போடுங்க. அவுகளாச்சும் ஒருநா முழுசா வாங்கட்டும்."

எனக்கு அம்மாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஆனால் பெரியம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா?

"எனக்கு எதுக்குடி ஒன் தானம்? கூடக் குடுங்கன்னா அன்னைக்கிக் கேட்டேன்? எழுதிக்கங்கன்னுதான கேட்டேன். ஒம் புருசனுக்கும் அது வெளங்கல, ஒனக்கும் வெளங்கல."

சொல்லிவிட்டுத் தன் அரைக் கூறை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம் அரைக் கூறு ஓலையில் அப்படியே கிடந்தது. நாங்கள் வெறுஞ்சட்டியோடு கரை மேலே நடந்து வந்தோம். வழி நெடுக வீடுகளில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கி நானும் அங்கனதான் நின்னேன். உங்கய்யா பேசுனதக் கேட்டு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. எம்புட்டு நல்ல மனுசன்னு நெனச்சேன்."

அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினாள்.

"இனிமே அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு நான் ரோசிக்கப் போறதில்ல. மாமன்ட்ட நான் பேசிக்கிறேன். நீ வக்கீலுக்கே படி."

நான் எதிர்பார்த்த வார்த்தைதான். வந்துவிட்டது. ஆனால் துள்ளவில்லை அய்யா, தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். உங்கள் சம்மதத்தோடு படிக்கப் போக வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். இப்போது உங்களைத் தாண்டிப் போகிறேன். நீங்கள் சரி சொல்லியிருப்பீர்களா என்ற கேள்வி, பதில் கிடைக்காமலே தேவையில்லாததாகிவிட்டது. அம்மாவுக்கு உங்கள் மேல் கோபமா என்றால் இல்லை. உங்கள் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறாள். பூ வைத்துவிட்டு முன்பெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்பாள். இப்போது நிற்பதில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் இரக்கத்தால்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் நம்புகிறேன். இரக்கப்பட்டு ஒருவருக்குக் குறைத்துக்கொடுக்க முடியும் என்பதை உங்களிடமிருந்துதான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தால் நீங்களே மாற்றிச் சொல்லியிருப்பீர்களா? அடுத்த கூட்டத்தில் எழுந்து, "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றிருப்பீர்களா? உங்கள் குரலில் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் பொருந்துகிறது, சில நாள் பொருந்துவதில்லை.

நேற்றுப் பெரியம்மாவிடம் போய், சட்டம் படிக்கப் போவதைச் சொன்னேன். "படி, படி. படிச்சிட்டு வந்து ஒங்கய்யாவத்தான் மொதல்ல எதுக்கணும் நீ. ஏலுமா ஒன்னால?" என்று கேட்டார்கள். கேலியாகத்தான் கேட்டார்கள். அதற்குப் பதிலை நான் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

முடியும் அய்யா. உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். படித்துவிட்டு நம் ஊர்க் கூட்டத்துக்கு வருவேன். பெண்கள் நிற்கிற ஓரத்தில் இல்லாமல், பேசுகிறவர்கள் நிற்கிற இடத்தில் நிற்பேன். கருப்பையா சொன்னது தவறு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். முதலில் எழுதப்பட வேண்டியது பாக்கியம் பெரியம்மாவின் பெயர். நம் வீடு அதற்குப் பிறகு. அவர்களை உங்கள் பேச்சு நிறுத்திவைத்த இடத்திலிருந்து உங்கள் வீட்டுப் பிள்ளைதான் கூட்டிவர வேண்டும்.

நீங்கள் எழுந்து பதில் சொல்ல முடியாத இடத்தில் உங்களை எதிர்ப்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் பக்கத்தையும் நானே பேசுவேன். நீங்கள் நல்லவர், நல்லது என்று நினைத்துத்தான் சொன்னீர்கள் என்பதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்வேன். அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உங்களைத் தோற்கடிப்பேன்.

உங்களை எதிர்த்துப் பேசப் படிக்கப் போகிற,
உங்கள் ஒரே மகள்.