மாப்பிள்ளைப் பெட்டி

பிப்ரவரி 4

மறுபடியும் தம்பி போன் செய்தான். அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் பணம் போடுவது பற்றி மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். அம்மாவின் வீட்டை விற்றதில் எனக்கு வந்த பங்கு வங்கியில் சும்மாதானே தூங்குகிறது என்கிறான். தூங்கட்டுமே. அது தூங்குவதால்தான் நான் கொஞ்சமாவது தூங்குகிறேன். இந்த வாடகை வீட்டை விற்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒன்று வாங்க எங்களிடம் இருப்பது அந்தப் பணம் மட்டும்தான்.

அவன் கம்பெனி செய்வது ஒரே பொருள். இரும்பையும் உப்புத் தண்ணீரையும் வைத்து மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டி. பகலில் கூரையில் இருக்கும் சூரியத் தகட்டிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு வீட்டுக்குக் கொடுக்கும். தீப்பிடிக்காது, விலையும் குறைவு என்கிறார்கள். தொழிற்சாலை இன்னும் இல்லை. வாங்குவதற்கு ஆளும் இல்லை. பணம் போட மட்டும் ஆள் தேடுகிறார்கள்.

பிப்ரவரி 7

போன வருடம் சிறு தொகை போட்ட நாற்பது குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். எங்களுடையது பால்கனியில் நிற்கிறது. கதவருகே ஒரு சுவிட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் பெட்டி, அந்தப் பக்கம் தள்ளினால் தெரு மின்சாரம். என் கணவர் பெட்டிக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருக்கிறார். கவனிப்பும் அப்படியே. வெயில் ஏறினால் ஈரத் துண்டு போர்த்துகிறார். எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்கிற மனிதர்!

தினமும் அதன் திரையைப் படம் எடுத்து, தம்பியும் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். நாற்பது வீட்டுப் படங்கள், நாற்பது கைதட்டல்கள்.

பிப்ரவரி 9

ஆபீஸில் கணக்குப் பார்ப்பவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். “புதுத் தொழில்ல போடுறதா இருந்தா, போனாலும் அழாத பணமாப் பாத்துப் போடுங்க” என்றார். அப்படி ஒரு பணம் என்னிடம் எப்போது இருந்தது?

பிப்ரவரி 12

தம்பி வந்திருந்தான். இளைத்துவிட்டான். மூன்று மாதமாகப் பாதிச் சம்பளம்தானாம், கேட்ட பிறகுதான் சொன்னான்.

“பாசத்துக்காகப் போடாதக்கா. ஆதாரத்தைப் பாத்துப் போடு. ஒரு வருஷமா நாப்பது வீட்லயும் ஒரு தடவைகூட நின்னதில்ல. இதுக்கு மேல என்ன வேணும்?”

உண்மைதானே, நிற்கவில்லையே.

பிப்ரவரி 13

போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அப்புறம் ஏன் வங்கிப் புத்தகத்தை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்?

பிப்ரவரி 16

சாயங்காலம் இஸ்திரி போட உட்கார்ந்தேன். கணவர் ஓடி வந்து சுவிட்சை அந்தப் பக்கம் தள்ளினார். “மாப்பிள்ளை களைச்சிருப்பாரும்மா. நீ தெரு கரண்ட்லயே போட்டுக்க.”

சிரித்தேன். பாதிச் சட்டையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வருடமாக இப்படித்தானே? துணி துவைக்கும்போது அந்தப் பக்கம். வெந்நீர் போடும்போது அந்தப் பக்கம். பெட்டிக்கு நாங்கள் கொடுத்த வேலை நாலு விளக்கும் ஒரு மின்விசிறியும்தான்.

நான் வேலை பார்ப்பது வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில். கம்பளியைத் திணித்துவிட்டுச் சுற்றவில்லை என்று திட்டுகிறவர்கள், பையில் சில்லறையோடு போட்டுவிட்டுச் சத்தம் வருகிறது என்று திட்டுகிறவர்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். பெட்டி வைத்திருக்கும் நாற்பது வீட்டில் அப்படி ஒருவர்கூட இல்லையே. எல்லோரும் பங்குதாரர்கள். சட்டையைக் கருக்கிவிட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கணவர் வெளியே போனதும் செய்துவிட்டேன். சுவிட்சைப் பெட்டியின் பக்கம் தள்ளினேன். வாஷிங் மெஷின், வெந்நீர், இஸ்திரி எல்லாம் ஒன்றாக. ஒரு சுற்றுத் துணி முடிவதற்குள் வீடே அடங்கிவிட்டது. பெட்டியைத் தொட்டேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி சுட்டது. ஆறிய பிறகும் எழுந்திருக்கவில்லை. ஐயோ, கெடுத்துட்டேனா? தம்பிகிட்ட என்னன்னு சொல்வேன்?

கணவர் வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார். “நான் இருந்திருந்தா துண்டாவது போட்டிருப்பேன்” என்றார்.

பிப்ரவரி 19

தம்பியிடம் சொன்னேன்.

“யார் வீட்லயும் நிக்காதது உன் வீட்ல மட்டும் எப்படிக்கா நிக்கும்? பணம் போட இஷ்டமில்லைன்னா நேரா சொல்லேன். அதுக்கு எதுக்குப் பெட்டிய கெடுக்குற?”

போனை வைத்துவிட்டான். சமையலறையில் நின்று அழுதேன். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறதா? இல்லை என்று சொல்லத்தான் ஒரு காரணம் தேடினேனா? தெரியலையே.

பிப்ரவரி 20

குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டேன். “பெட்டிக்குப் பாரமாயிடுமேன்னு நீங்க எதையெல்லாம் அதுல போடாம இருக்கீங்க?”

முதலில் ஒரு பல் டாக்டர் எழுதினார்: இஸ்திரிக்கு வெளியே கொடுக்கிறேன். ஒரு பஸ் ஓட்டுநர்: என் மனைவிக்கு அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே சொல்லவில்லை. அப்புறம் மடை திறந்தது. ஓய்வு பெற்ற ஒரு தம்பதி எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை: “நாங்க ரெண்டு பேரும் பொழுது சாஞ்சா ஒரே அறையில ஒரே விளக்குல இருந்துக்குறோம். பழகிடுச்சு.”

யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் பாசமாக இருந்திருக்கிறோம், அவ்வளவுதான். தம்பியும் படித்துவிட்டான் என்று போன் காட்டியது.

பிப்ரவரி 28

சொல்லிவிட்டேன். வீட்டுப் பணம் வீட்டுக்கு. இந்த வருட போனஸ் மட்டும் உனக்கு, அது போனால் அழமாட்டேன். “சரிக்கா” என்றான்.

மே 3

தம்பியின் கம்பெனியில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். அவன் இருக்கிறானா, இல்லையா? போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

செப்டம்பர் 9

புது வீடு சின்னதுதான். சாமான் மூட்டைகளைப் பிரித்து முடியவில்லை, அதற்குள் வாசலில் தம்பி, வண்டியில் ஒரு புதுப் பெட்டியோடு. என்னைப் பார்க்காமல் நேராகக் கணவரிடம் போனான். “மாமா, துண்டு கிண்டு போட்டீங்கன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்.”

பழைய பெட்டிகளை நாற்பது வீட்டிலிருந்தும் திரும்ப வாங்கிவிட்டார்களாம். இப்போது புதியவற்றை ஒரு சலவைக் கடையிலும், ஒரு மாணவர் விடுதியிலும், ஒரு தையல்கூடத்திலும் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் பங்கு கிடையாது. “விடுதிப் பசங்க தினமும் திட்டுறாங்கக்கா” என்றான். சிரித்தானா? சிரித்த மாதிரிதான் இருந்தது. சாப்பிடாமல் போய்விட்டான்.

செப்டம்பர் 11

இஸ்திரியும் வாஷிங் மெஷினும் சேர்த்துப் போட்டேன். போன தடவையை விட அதிக நேரம் தாங்கியது. பிறகு நின்றுவிட்டது. அவனுக்கு எழுதினேன்: நின்னுடுச்சுப்பா.

உடனே பதில் வந்தது.

“தேங்க்ஸ்க்கா. நாளைக்கும் போடு.”