சோதனைக்குப் பாடியவன்

அத்திபெலே பிளேக் சாவடி,
நவம்பர் 1898

அப்பாவுக்கு,

அண்ணன் செத்தது உங்களால்தான்.

பதினாறு வயதில் நம் கோயில் தேர்த்திருவிழாவுக்குப் பாட்டெழுதி மெட்டுப் போட்டவன். இருபத்திரண்டில் பெங்களூர் தண்டு முழுக்க அவன் பாட்டைத்தான் பாடினார்கள். அக்குளில் கட்டியோடு காய்ச்சல் வந்தபோது, பிளேக் முகாமுக்குப் போவது மானக்கேடு என்றீர்கள். வீடு வீடாக நோயாளிகளைத் தேடிச் சோதனைக்காரர்கள் வந்த அன்று அவனை ஆர்மோனியத்தின் முன் உட்காரவைத்தீர்கள்.

"பாடுடா. பாடுறவனை எவன் சீக்காளிம்பான்?"

பாடினான். இன்ஸ்பெக்டர் தொடையில் தாளம் போட்டார். "இது சீக்கு வீடா, கச்சேரி வீடாப்பா?" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவனுக்குத் தெம்பில்லாததால் துருத்தியை அழுத்தியது நான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அவனைப் புதைத்துவிட்டு ஓசூருக்கு ஓடிய என்னை இங்கே மறித்துப் பத்து நாள் அடைத்திருக்கிறார்கள். கஞ்சி தருகிறார்கள். டாக்டர் தினமும் தொட்டுப் பார்க்கிறார். நீங்கள் சொன்னதுபோல் யாரும் விஷம் வைக்கவில்லை.

முந்தாநாள் வண்டிக்கார மதலைமுத்து வந்தார். "தம்பி, உன் தங்கச்சிக்கு ஜுரம். உங்கப்பாவக் கேட்டா ஜலதோஷம்ங்கிறாரு" என்றார்.

அவளுக்குப் பாடக்கூடத் தெரியாது அப்பா.

அவர் கையில் உடனே கொடுத்தனுப்பிய கடிதத்தை வாங்க நீங்கள் கதவையே திறக்கவில்லையாம். உள்ளே அவள் தண்ணீர் கேட்டது மட்டும் காதில் விழுந்ததாம். இதைக் கதவிடுக்கில் போடச் சொல்லியிருக்கிறேன். வண்டி வாசலில் நிற்கும். அவளை முகாமுக்கு அனுப்புங்கள். அனுப்புவீர்களா, மாட்டீர்களா?

உங்களுக்கு மிஞ்சியிருக்கும் மகன்