இரண்டு வீட்டில் ஒரு பிள்ளை

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளி வைக்கிறேன். முதலில் ஒரு புதிர். போனில் சொன்னால் பாதியிலேயே "பேஷன்ட் வந்தாச்சு" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் முழுதும் படித்துவிட்டுத்தானே திட்ட முடியும்?

எங்கள் குடும்பநல ஆய்வின் தாள்கள் வந்து குவிந்துவிட்டன. அலுவலகத்தின் பின்னறையில் மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கிறது, நிறுத்தினால் நாங்கள் வேகிறோம். ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன செலவு, அவர்களுக்காக அவள் எந்த வேலையை விட்டாள், இவைதான் நாங்கள் கேட்பவை. எல்லா வட்டாரமும் ஒழுங்காக இருக்க, ஒரு வட்டாரத்தில் மட்டும் கணக்கு இடிக்கிறது. பெண்கள் சொன்ன பிள்ளைகளைக் கூட்டினால், அங்கே பள்ளியிலும் தடுப்பூசிப் பதிவிலும் இருக்கிற பிள்ளைகளைவிட அதிகம் வருகிறது. இல்லாத பிள்ளைகள் எங்கிருந்து முளைத்தார்கள்? கணினிப் பிரிவில் இருக்கும் இருவருக்குச் சந்தேகமே இல்லை. "களத்துக்குப் போன பொண்ணுங்க மரத்தடியில உக்காந்து இஷ்டத்துக்கு எழுதியிருக்காங்க மேடம். அந்த வரியெல்லாம் அடிச்சிருங்க" என்கிறார்கள்.

எனக்கு அடிக்க மனம் வரவில்லை. வயது, வகுப்பு, பிறந்த மாதம் என்று ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒரே பிள்ளை இரண்டு வீடுகளில் இருக்கிறது! ஓர் ஊரில் அக்கா ஒருத்தி எனக்கு நாலு என்கிறாள். பக்கத்து ஊரில் இருக்கும் தங்கை எனக்கு ஒன்று என்கிறாள். அந்த ஒன்று, இந்த நாலில் ஒன்று. பெற்றவள் ஒருத்தி, வளர்ப்பவள் ஒருத்தி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இதைப் பேச உன்னைவிட்டால் எனக்கு யார்? நீ பெற்ற நண்டுவை நான் வளர்க்கிறேன். பதினேழு வருஷமாக நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், நண்டுவுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நாம் இதைக் கணக்காக எண்ணிப் பார்த்ததே இல்லை. உன் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் போகிற போக்கில் கேட்டுப் பாரேன், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. என்ன சொல்கிறார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறது.

நண்டு எப்படி இருக்கிறாள்? பரீட்சை முடிந்த கையோடு பெரியம்மா வீடு என்று ஓடினவள், வந்து சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுதியதோடு சரி. அவர் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேச அவள்தான். இப்போது குளிர்பெட்டியின் உறுமலைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். தட்டில் காயை ஓரங்கட்டினால் விடாதே. கல்லூரி விண்ணப்பத்துக்கு ஜூன் பத்து கடைசி என்று சொல்.

அன்புடன்,
உன் தங்கை


ஏப்ரல் 19

அடி என் புள்ளிவிவரப் புலியே,

நீ சொன்னாய் என்று நானும் கேட்கக் கிளம்பினேன். பல் டாக்டரிடம் போய் இந்த வேலையைக் கொடுத்தாயே! என் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு வாய் நிறையப் பஞ்சு. நான் என்ன கேட்டாலும் விரலால்தான் பதில்.

தையல்கடைக்காரி ஒருத்தி வந்தாள். எத்தனை பிள்ளைகள் என்றேன். மூன்று விரலைக் காட்டினாள். கொஞ்சம் யோசித்து நாலாவது விரலைத் தூக்கினாள், ஆனால் முழுதாக நீட்டவில்லை, பாதியில் மடக்கி வைத்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு, "அது என்னம்மா அரை?" என்றேன்.

"அது என் நாத்தனார் வீட்டுல வளருது டாக்டர். எண்ணாம விட்டா மனசு கேக்கல. எண்ணினேன்னு தெரிஞ்சா அவ சண்டைக்கு வருவா."

மடக்கிய விரலுக்கு உன் தாளில் இடம் உண்டா? இருந்தால் எழுது.

நண்டு நன்றாக இருக்கிறாள். கிளினிக் வாசல் மேசையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். நேரம் தவறி வருகிறவர்களை அவள் பார்க்கிற பார்வையில் பாதிப் பேருக்குப் பல்வலி போய்விடுகிறது. என் மூன்று தடியன்களோடும் குளியலறைக்குத் தினமும் போர். பக்கவாட்டில் தவழ்ந்தாள் என்று நீ வைத்த பெயர் சரிதான், இப்போதும் சண்டை என்றால் இடுக்கிப் பிடிதான். காயை ஓரங்கட்டுகிறாள். நான் விட்டுவிடுகிறேன். பெரியம்மாவுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

ஒன்று சொல்கிறேன், குதிக்காதே. செவ்வாய்க்கிழமை காலை தடியன்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தவள், அந்த வேகத்தில் என்னைப் பார்த்து, "அம்மா, சீப்பு எங்க?" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "பெரியம்மா" என்று திருத்தினாள். நான் சீப்பை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதன்பிறகு ஒருவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருந்தது. என் கையை நம்பாமல் அவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்தேன்.

இன்னொன்று. இங்கேயே கல்லூரியில் சேர்ந்தால் என்ன என்று நேற்று அவளாகவே கேட்டாள். நான் தூண்டவில்லை. தடுக்கவும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

தூண்டவில்லை, தடுக்கவும் இல்லை. பல்லைப் பிடுங்கிவிட்டு வலிக்கிறதா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. அவள் அங்கேயே இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாயா? நேராகச் சொல். சுற்றி வளைக்காதே.

அலுவலகத்தில் என் நிலைமை அதைவிட வேடிக்கை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு கிடைக்கும் என்று இயக்குநர் அறைக்குப் போனேன். தண்டனைதான் கிடைத்தது. "அடுத்த சுற்றுக் கையேட்டுக்கு விதியை நீங்களே எழுதிடுங்க. பிள்ளைய யார் பேர்ல போடுறது? பெத்தவ பேர்ல போடுங்க, முடிஞ்சது வேலை" என்றார்.

விதியை எழுத உட்கார்ந்தேன். புது விதி எழுதினால் தெரிந்த ஒரு வீட்டை வைத்து ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். எனக்குத் தெரிந்த வீடு என் வீடுதான். பிள்ளைகள்: இல்லை. பள்ளிச் செலவு: உண்டு. காய்ச்சலுக்கு எடுத்த விடுப்பு: உண்டு. பிள்ளைக்காக விட்ட வேலை: உண்டு, வெளிநாட்டுப் பயிற்சி ஒன்று. பிள்ளையே இல்லாதவள் யாருக்காக இதையெல்லாம் செய்தாள்? கணினிப் பிரிவு ஆட்கள் இந்த வரியைப் பார்த்தால் பேனாவை எடுத்து அடித்துவிடுவார்கள். எதிர் மேசைக்காரி, "என்ன மேடம், கண்ணு கலங்குது?" என்றாள். தாளின் தூசி என்றேன்.

ஆத்திரத்தோடு இயக்குநரிடம் திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன். பிரசவத்தை மட்டும் எண்ணுவதென்றால் பெற்றவள் போதும். பிள்ளையால் ஒரு குடும்பத்துக்கு என்ன செலவு, ஒரு பெண்ணின் உழைப்பு எங்கே போகிறது என்று அறிய வேண்டுமானால் வளர்ப்பவளையும் கேட்டாக வேண்டும். ஒரு கேள்வி போதாது, இரண்டு வேண்டும் என்றேன். "முதல்ல எங்கயாவது கேட்டுப் பாத்துட்டு வாங்க" என்றார்.

புதுக் கேள்விகளை எழுதியவரே கேட்டுப் பார்க்கக் கூடாது, அது எங்கள் வழக்கம். அதனால் நண்டுவுக்குத் தனியாக ஒரு கேள்வித்தாள் கட்டு அனுப்பியிருக்கிறேன். உன் தெருவில் வீடு விடாமல் அவள் கேட்டு வரட்டும். பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும், பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது, கேட்டபின் எவ்வளவு நேரமானாலும் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். கடைசிச் சட்டம் அவளுக்குக் கஷ்டம்தான்.

நான் முதலில் கேட்டதற்குப் பதில் எழுது.

உன் தங்கை


மே 21

அருமைத் தங்கைக்கு,

அறிவாளி என்று உன்னை ஊரே சொல்கிறது. வீடு விடாமல் கேட்டு வா என்று எழுதினாயே, இந்தத் தெருவில் என் வீடும் இருக்கிறது என்பது உனக்கு ஞாபகம் வரவில்லையா?

ஒரு வாரம் நண்டு தாளும் கையுமாக அலைந்தாள். பழச்சாறு கொடுத்த வீடு, கதவைச் சாத்திய வீடு, கேள்விக்குப் பதிலாகத் தன் மருமகளைப் பற்றிப் புலம்பித் தீர்த்த வீடு, எல்லாம் பார்த்தாயிற்று. சனிக்கிழமை எங்கள் வீடு. நான் நழுவப் பார்த்தேன். "ஒரு வீட்ட விட்டா முழுத் தெருவும் செல்லாது பெரியம்மா. அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். தடியன்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உன் அத்தானையும்தான். அவர் செருப்புகூடப் போடாமல் வாசலில் நின்றார்.

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல வயது, படிப்பு, தொழில் எல்லாம் கேட்டு எழுதினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கேட்டாள்.

"நீங்க பெத்த பிள்ளைங்க எத்தனை?"

"நாலு."

"இப்ப நீங்க வளர்க்கிற பிள்ளைங்க எத்தனை?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நீ சொல்லிக் கொடுத்த சட்டம். உன் சட்டத்தில் இடி விழ! அந்த நேரத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

நேராகச் சொல் என்று கேட்டாயே, இப்போது சொல்கிறேன். ஆசை இருந்தது. மூன்று ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். கொடுத்ததற்கு ஒருநாளும் வருந்தவில்லை, அது சத்தியம். ஆனால் இந்த இரண்டு மாதமாக அவள் வளையல் சத்தம் வீட்டில் கேட்கக் கேட்க, இன்னும் மூன்று வருஷம் இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. நாலு என்று சொல்லியிருக்கலாம். அவள் எழுதியிருப்பாள். எழுதிவிட்டு இங்கேயே இருந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

"மூணு" என்றேன்.

குனிந்து எழுதினாள். அடுத்த கேள்வியைப் படித்தாள். "மீதி ஒரு பிள்ளை யார்கிட்ட வளருது?"

"அவ அம்மாகிட்ட."

பேனா நின்றுவிட்டது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல பாட்டி இருக்கு, சித்தி இருக்கு, அத்தை இருக்கு. அம்மான்னு கட்டம் இல்லையே பெரியம்மா" என்றாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லி ஒரு கட்டம் போடச் சொல்லு. எனக்கு வேற பதில் தெரியாது."

எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டா என்று நான் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் உன் அத்தான், "என் பதில யாரும் கேக்கலையே" என்றார். மூன்று பேருமே சிரித்தோம்.

வியாழக்கிழமை பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போ. காயை ஓரங்கட்டப் பழகிவிட்டாள், அது மட்டும் என் தப்பு.

அக்கா


ஜூன் 18

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பின்னறையில் வைத்துப் படித்தேன். எதிர் மேசைக்காரி இந்த முறை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உடனே பதில் எழுத முடியவில்லை. எழுத எடுத்தால் நன்றி என்று ஒரு சொல் வருகிறது, அதைப் போய் உனக்கு எழுதுவதா என்று கிழித்துப் போடுவேன். இப்படி நாலைந்து தாள் போயிற்று.

நீ சொன்னபடி கட்டம் போட்டாயிற்று. "யாரிடம் வளருகிறது" என்பதற்குக் கீழே "வளர்க்கும் தாய்" என்று முதல் வரியிலேயே வருகிறது. இயக்குநர் உன் தெருவின் தாள்களை முழுதாகப் படித்தார். உன்னுடையதை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த டாக்டரம்மா யாரு?" என்றார். என் அக்கா என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இனிமேல்தான் வேடிக்கை. பேருந்திலிருந்து இறங்கிய நண்டு, பையைக் கீழே வைக்குமுன் சொன்னாள். உன் ஊர்க் கல்லூரியும் வேண்டாமாம், என் ஊர்க் கல்லூரியும் வேண்டாமாம். கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறாளாம்! ஏன் என்று கேட்டேன். "மாட்டுக்குப் பல்லும் இருக்கு, கன்னுக்குட்டியும் இருக்கு. ஆனா எத்தனைன்னு யாரும் அத உக்கார வச்சுக் கேக்க வேண்டாம்" என்றாள். நம் இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் கேலி செய்ய அவளால்தான் முடியும். விண்ணப்பம் கடைசி நாளில் போய்ச் சேர்ந்தது, நேற்று இடமும் கிடைத்துவிட்டது. அந்தக் கல்லூரி இருப்பது உன் ஊரிலும் இல்லை, என் ஊரிலும் இல்லை. ஆகஸ்ட் முதல் விடுதி.

நீ விட்டுக் கொடுத்தாய், நான் பிடித்துக்கொண்டேன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அவள் பக்கவாட்டில் போய்விட்டாள். முதல் நாள் அழுதேன். மறுநாள் அவளோடு போய்ப் பெட்டி வாங்கினேன். பெரிய பெட்டியாகப் பார்த்தோம், மாடே நுழையும்.

எங்கள் விதிப்படி விடுதியில் இருக்கிற பிள்ளைகள் எந்த வீட்டுக் கணக்கிலும் வரமாட்டார்கள். அந்த விதியை எழுதிய மகராசி யார் என்று தேடினால், அதுவும் நான்தான். போன சுற்றில் எழுதினேன். அப்போது அவள் எட்டாம் வகுப்பு. விடுதி எல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

அடுத்த சுற்றில் உன் தெருவும் வருகிறது, என் தெருவும் வருகிறது. யாராவது ஒரு பெண் தாளோடு உன் வாசலில் வந்து நிற்பாள். இந்த முறை மூன்று என்று சொல்லாதே அக்கா. வளர்க்கிறது நாலு என்று சொல், விரலை மடக்காமல் சொல். நான் இங்கே ஒன்று என்கிறேன். கணக்கு இடிக்கும். இடிக்கிற தாள்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும்.

நான் அடிக்க மாட்டேன்.

உன் தங்கை